மங்கலத்தின் பாவம்

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், வற்றல் மிளகாயின் நெடி எந்நேரமும் தங்கியிருக்கும் ஒரு சந்தில் அந்த வீடு இருந்தது. வாரத்தில் இரண்டு நாள், காலை வெயில் ஓட்டுக்கூரையின் விளிம்பிலிருந்து முற்றத்துக்குள் மெல்ல இறங்கும் வேளையில், தாசம்மாள் குடையை மடக்கிக்கொண்டு பக்கவாசல் வழியாக உள்ளே வருவாள். முன்வாசல் அவளுக்கு இல்லை. அடுக்களைக்குப் பின்னால் ஓலை வேய்ந்த சாய்ப்பில் அவளுக்கென்று ஒரு பலகை கிடந்தது. அவள் எழுந்து போன பிறகு அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் மனதில் வைத்துக்கொண்டதில்லை. மிஷன் துரைசானி அவளை வீடு வீடாக அனுப்பியது ஆத்துமாக்களுக்காக, பலகைக்காக அல்ல.

அவளுடைய பையில் ஊசிகளும் நூல்கண்டும் வேதப் புத்தகமும் ஒன்றாகக் கிடக்கும். அந்தத் தெருப் பெண்களுக்கு வேண்டியிருந்தது ஊசியும் நூலும்தான். ரேந்தை என்று அவர்கள் சொல்லும் பூப்பின்னலைக் கற்றுக்கொள்ள ஆசையாக வந்து உட்காருவார்கள். பின்னல் நடக்கும்போது தாசம்மாள் பாவத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தால் சிரிப்பார்கள்.

"நாங்க ஆரு வீட்டிலே தாசம்மா களவாண்டோம்?" என்பாள் ஒருத்தி.

"எங்க மாமியார்கிட்டச் சொல்லு. அவ்வோளுக்குத்தான் இதெல்லாம் வேணும்," என்பாள் இன்னொருத்தி.

தாசம்மாளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு அவளோடு கூடவே வந்து அவளைச் சோர வைக்கும். வருஷக்கணக்காக நடந்துவிட்டாள். ஒரே ஒருத்தி, தன் உள்ளத்தைத் தானே எட்டிப் பார்த்துக் கலங்கி அழுவதை ஒரு தடவையாவது காணவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அது ஒரு பசியைப் போலவே அவளுக்குள் இருந்தது. நல்ல ஆசை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இந்த வீட்டில் அவளிடம் படித்தவள் மங்கலம். நாஞ்சில்நாட்டுப் பூதப்பாண்டியிலிருந்து கல்யாணமாகி வந்து, புருஷன் பகவதிப்பெருமாளோடு சரியாக இரண்டு ஓணம்கூடக் கொண்டாடவில்லை. போன கோடையில் சாலைக் கடைத்தெருவில் பரவிய வாந்திபேதி அவனைக் கொண்டுபோயிற்று. அதன் பிறகு மங்கலம் பேச்சை விட்டுவிட்டாள். கேட்டால் தலையசைப்பாள். சொன்ன வேலையைச் செய்வாள். மற்ற நேரமெல்லாம் வெள்ளைச் சேலையின் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பாள்.

தாசம்மாளைக் கூப்பிட்டு அனுப்பியது மாமியார் சிவகாமியம்மாளேதான். "பெத்த மகன் போயிட்டான். இவளையாவது எனக்கு விட்டுவச்சிருக்கான் பகவான். இவளும் இப்பிடி ஊமையா இருந்து செத்துப்போயிரப்பிடாது," என்றாள் முதல் நாள். "பூவேலை சொல்லிக் குடு. வேதக்கதை சொல்லணும்னாலும் சொல்லிக்கிடு. ஆனா எம் மருமகளை வேதத்திலே சேத்துராதே, கேட்டியா? அம்புட்டுத்தான்."

மூத்த மகன் திரவியம் பிள்ளைக்கு மங்கலத்தைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அவளுடைய அப்பனும் அம்மையும் இறந்துபோய், அங்கே இருந்தது ஒரு சிற்றப்பாவும் அவருடைய பெரிய குடும்பமும்தான். "அங்க போனா இவளை மாட்டுத்தொழுவத்துக்குத்தான் விடுவானுக. எம் மூச்சு இருக்கது வரைக்கும் இவ இங்கதான்," என்று சிவகாமியம்மாள் அவன் வாயை அடைத்துவிட்டாள். மருமகளை அவள் "மக்களே" என்றுதான் கூப்பிடுவாள். தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுக்க வைத்துக்கொள்வாள். அந்த வீட்டில் மங்கலத்துக்கு இருந்த இடம், மாமியாரின் அந்த ஒரு சொல்தான்.

ஒருநாள் பின்னல் நடந்துகொண்டிருந்தபோது தாசம்மாள் தன் சபையில் நடந்த ஒரு காரியத்தைச் சொன்னாள். வெளிப்படையாகத் தவறிப்போனவர்களை அவர்கள் திருவிருந்திலிருந்து விலக்கிவைப்பது வழக்கம். மறுபடியும் சேரவேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் எழுந்து நின்று, செய்ததை எல்லார் முன்னிலையிலும் தன் வாயாலேயே சொல்லவேண்டும். மாசிலாமணி என்று ஒரு வண்டிக்காரர். குடித்துவிட்டு, பெருமழையில் தகப்பனாரை வெளியே தள்ளிக் கதவை அடைத்தவர். கிழவர் அந்தக் காய்ச்சலிலேயே போய்விட்டார். வெகுகாலம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் எழுந்து நின்றார். எல்லாவற்றையும் சொன்னார்.

"பாதிரியார் பீடத்தை விட்டு இறங்கி வந்தாரு. அவருக்க வலதுகையைப் பிடிச்சாரு. பெறகு சபையிலே உள்ள ஆம்பிளைகள் ஒவ்வொருத்தரா வந்து கையைப் பிடிச்சாங்க. அழாதவங்க ஒருத்தர் இல்லை பிள்ளே. பாட்டுப் பாடினோம்," என்றாள் தாசம்மாள்.

மங்கலத்தின் ஊசி நின்றிருந்தது.

"ஆரும் அடிக்கலியா?" என்று கேட்டாள். அத்தனை மாதத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"அடிக்கதா? கட்டிப் பிடிச்சாங்க."

"பின்னே அவ்வோ செய்த பாவம் எங்க போச்சு?"

"போச்சு மக்களே. நடுக்கடல்லே போட்ட கல்லு மாதிரி. இனி ஆரும் எடுக்க முடியாது. ஆண்டவரே அதை நெனைக்கமாட்டாரு."

மங்கலம் குனிந்து பின்னலைப் பார்த்தாள். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "எனக்கும் ஒண்ணு இருக்கு டீச்சரம்மா," என்றாள். கண்ணீர் நூலின்மேல் சொட்டியது.

அந்தக் கணத்தில் தாசம்மாளின் நெஞ்சுக்குள் ஏதோ பறவை சிறகடித்தாற்போல இருந்தது. இதற்காகத்தானே இத்தனை வருஷம் நடந்தேன் என்று அவள் நினைத்தாள். அந்தச் சந்தோஷத்தில், கேட்கவேண்டிய ஒன்றை அவள் கேட்கவில்லை.

"என்னதுன்னு எங்கிட்டச் சொல்லாண்டாம் பிள்ளே. நான் ஆரு? ஆண்டவர்கிட்டச் சொல்லு."

"ஆண்டவர்கிட்ட மட்டும் சொன்னாப் போருமா? வண்டிக்காரர் எல்லாரு முன்னாலேயும்லா சொன்னாரு?"

"ஆருக்குத் தப்புச் செய்தோமோ, அவங்ககிட்டயும் சொல்லணும். அதுதான் மெய்யான மனந்திரும்புதல். சொல்லாம ஒளிச்சு வச்சா அது உள்ளேயே இருந்து அழுகும்," என்றாள் தாசம்மாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததும் அதுதான். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் வாய்க்குள் பாடிக்கொண்டே போனாள். எதிரே வந்த காளைவண்டிகளும் தென்னைகளும், தெருவோரத்து அழுக்கு ஓடையும்கூட அவளுக்கு அழகாகத் தெரிந்தன.

அடுத்த வாரம் அந்த வீட்டில் ஆட்டைத் திவசம். பகவதிப்பெருமாள் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாஞ்சில்நாட்டிலிருந்து உறவினர்கள் வந்திருப்பார்கள் என்பதால் தாசம்மாள் அந்தப் பக்கமே போகவில்லை. எல்லாரும் திரும்பிப் போயிருப்பார்கள் என்று கணக்கிட்டு அவள் பக்கவாசலைத் தள்ளியபோது, சாய்ப்பில் பலகை இல்லை. சிவகாமியம்மாள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வா. ஒன்னைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். எம் மருமகளுக்கு நீ என்ன சொல்லிக் குடுத்தே தாசம்மா?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாசம்மாளைப் பயமுறுத்தியது.

நடந்ததைச் சிவகாமியம்மாளே சொன்னாள். பந்தி முடிந்து, ஆண்கள் முன்கூடமாகிய பட்டாலையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நிலைவாசலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அப்போது மங்கலம் எழுந்து, யாரும் எதிர்பார்க்காமல், அத்தனை ஆண்களுக்கும் நடுவே போய் நின்றாள். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் ஒரு பாவம் செய்திருக்கேன். எல்லாரும் கேக்கணும்," என்றாள். முதலில் ஒரு கிழவர், பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்துக் கைகூப்பினார். மங்கலம் சொல்லி முடித்தாள். பிறகு வலதுகையைச் சற்று முன்னால் நீட்டியபடி அப்படியே நின்றாள். அதற்கு அடுத்து என்ன செய்யவேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"என்ன சொன்னா அம்மா?" என்று கேட்டாள் தாசம்மாள்.

"தண்ணி குடுத்தாளாம்." சிவகாமியம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "எம் மகனுக்கு வாந்திபேதி கண்டு கெடந்தப்போ வைத்தியரு என்ன சொன்னாரு தெரியுமா? ஒரு சொட்டுத் தண்ணி நாக்கிலே படப்பிடாது, பட்டா உயிரு போயிரும்னாரு. அவன் தண்ணி தண்ணீன்னு கெடந்து கதறினான். நான் குடத்தை உள்ளறையிலே வச்சுப் பூட்டி, சாவியை மடியிலே சொருகிக்கிட்டு அவன் தலைமாட்டிலே இருந்தேன். பெத்தவ நான். 'அம்மா, ஒரு வாய், அம்மா'ன்னான். நான் காது கேக்காதவ மாதிரி செவுத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன் தாசம்மா. அவன் பிழைக்கணும்னு. கண்ணு ஒருக்கா அசந்துபோச்சு. அந்த நேரம் பாத்து இவ அடுத்த வீட்டிலே போயி ஒரு தம்ளர் தண்ணி வாங்கிட்டு வந்து குடுத்திருக்கா. கொஞ்ச நேரத்திலே அவன் போயிட்டான்."

முற்றத்தில் யாரோ காயப்போட்டிருந்த மல்லி விதையைக் காக்கை கிளறிக்கொண்டிருந்தது. சிவகாமியம்மாள் அதை விரட்டக்கூட இல்லை.

"ஒரு வருசமா இவளை எம் பக்கத்திலே போட்டு ஒறக்கினேன். எம் மகன் தலைவிதி அம்புட்டுத்தான்னு நெனச்சு மனசை ஆத்திக்கிட்டேன். இப்போ என்ன செய்யச் சொல்லுகே? நான் அவளை அடிக்கல்ல, ஏசல்ல. அவ மூஞ்சியைப் பாக்க எனக்கு ஏலல்ல. அம்புட்டுத்தான்."

"அறியாத பிள்ளை அம்மா. மன்னிச்சிருங்க," என்றாள் தாசம்மாள்.

"மன்னிக்கதா? ஆரு, நானா?" சிவகாமியம்மாள் அவளை நேராகப் பார்த்தாள். "மன்னிக்கணும்னா செத்தவம்லா எந்திரிச்சு வந்து மன்னிக்கணும். ஒங்க கோயில்லே வண்டிக்காரன் ஒருத்தனுக்குக் கை குடுத்தாங்களாமே, இவ சொன்னா. அந்தக் கெழவன் வந்தா கை குடுத்தான்?"

சாய்ப்பின் மூலையில், விறகுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் மங்கலத்தின் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்ததைத் தாசம்மாள் கண்டாள்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டுகளில் நோயாளிகளுக்கு வேதம் வாசிக்கப் போகிற பழக்கத்தில் அங்கிருந்த டாக்டர் அச்சாமாவை அவளுக்குத் தெரியும். கோட்டயத்துப் பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவப் பெண். வேகமாக நடப்பாள், வேகமாகப் பேசுவாள். தாசம்மாள் பெயர் சொல்லாமல் கதையைச் சொன்னாள்.

"ஒரு தம்ளர் தண்ணியா?" டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "வாந்திபேதியிலே ஆள் சாகறது என்னத்துனாலே? சரீரத்திலே உள்ள தண்ணி முழுக்க வெளியே போயிட்டு. நாங்க இப்போ உப்புத் தண்ணியை ஊசி வழியா ஏத்தறது பின்னே எதுக்கு? ஒரு தம்ளர் குடிச்சு ஆரும் சாகமாட்டா. ஒரு குடம் கொடுத்திருந்தா, ஒருவேளை, ஒருவேளைதான் கேட்டோ, அவன் பிழைச்சிருப்பான்."

"அப்போ அந்தப் பிள்ளை மேலே பாவம் இல்லையா டாக்டரம்மா?"

"அவ மேலே என்ன பாவம்? அவ ஒருத்திதான் அங்க வைத்தியம் பார்த்திருக்கா." டாக்டர் நடக்கத் தொடங்கி, பிறகு நின்றாள். "தாசம்மா, அந்த வீட்டிலே குடத்தைப் பூட்டி வைச்சது ஆரு?"

"அவரைப் பெத்த அம்மா."

"ஆங். எப்பவும் அம்மாதான். எத்தனையோ பேரை இங்கே கண்டிருக்கேன். சினேகம் கொண்டுதான் அப்பிடிச் செய்யறா, பாவம். அவாகிட்ட நான் இதைச் சொல்லறதில்லை."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது தாசம்மாளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் என்று கால்கள் பரபரத்தன. மங்கலம் கொல்லவில்லை. அவள் செய்தது பாவமே இல்லை. சிவகாமியம்மாளிடம் போய் இதைச் சொன்னால் சுருட்டி வைத்த பாய் மறுபடியும் கட்டிலுக்குப் பக்கத்துக்குப் போய்விடும். இப்படி நினைத்துக்கொண்டே பாளையத்து மரநிழல்களில் நடந்தவள், ஒரு மரத்தடியில் சட்டென்று நின்றுவிட்டாள். ஒரு குடம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்றால், குடம் உள்ளறையில் இருந்தது. சாவி தாயின் மடியில் இருந்தது. மகன் "ஒரு வாய், அம்மா" என்று கேட்டபோது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகளின் தலையிலிருந்து இறக்குகிற சுமையைத் தரையில் வைக்க இடமில்லை. அதை அந்தக் கிழவியின் தலையில்தான் வைக்கவேண்டும்.

தாசம்மாள் ஜெபம் செய்ய முயன்றாள். இதுவரை அவள் அறிந்திருந்த பாவங்களுக்கெல்லாம் ஒரு சொந்தக்காரன் இருந்தான். இந்தச் சாவுக்கு உண்மையில் யார் பாவி? வைத்தியரும் தான் கற்றதைத்தான் சொன்னார். கெட்ட எண்ணம் யாரிடத்திலும் இல்லை. ஒருவன் தாகத்தில் கதறிச் செத்தான். அவனைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அவன்மேல் அன்பு வைத்திருந்தார்கள். இதைக் கொண்டுபோய் எந்தச் சபையின் முன்னால் நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில், மங்கலத்திடம் மட்டும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அவளாவது தனக்குள் விடுதலையாக இருக்கட்டும்.

பின்சந்து வழியாகப் போனாள். மங்கலம் கிணற்றடியில் வெண்கலப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்து, புளியும் சாம்பலும் ஒட்டிய கைகளைச் சேலையில் மறைத்துக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் வருத்தப்படாதேங்க டீச்சரம்மா. நான் சரியாச் சொல்லல்ல போல இருக்கு. அதனாலேதான் ஆருக்கும் புரியல்ல," என்றாள்.

தாசம்மாள் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். தண்ணீர் விஷமல்ல, அதுதான் மருந்து. வைத்தியர் சொன்னது பிசகு. "நீ கொல்லல்ல மக்களே. நீ ஒருத்திதான் அவருக்கு நல்லது செய்தே."

மங்கலம் அசையாமல் கேட்டாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வருவதைத் தாசம்மாள் கண்டாள். அல்லது காண விரும்பினாள். பிறகு அந்த முகம் எங்கேயோ தூரத்தில் போய் நின்றது.

"அப்போ இன்னொரு தம்ளர் குடுத்திருந்தா?"

தாசம்மாள் கையிலிருந்த குடையைக் கிணற்றுச் சுவரில் சாய்த்தாள்.

"குடுத்ததை அவ்வோ ஒரே மூச்சிலே குடிச்சாவ. குடிச்சிட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாவ. 'மங்கலம், இன்னும் கொஞ்சம்'னாவ. அடுத்த வீட்டிலே போயி இன்னொருக்கா வாங்கியிருக்கலாம். அத்தை முழிச்சுக்கிடுவான்னு எனக்குப் பயம். 'போரும், வைத்தியர் வையுவாரு'ன்னு சொல்லி, அவ்வோ கையை நான்தான் விரல் விரலா எடுத்துவிட்டேன்." அவள் தன் கையைப் பார்த்தாள். "இதை நான் அன்னைக்கு எல்லாரு முன்னாலேயும் சொல்லல்ல. இதைப் பாவம்னு நெனைக்கல்லேல்லா. செய்த தப்புக்குள்ளே இது ஒண்ணாவது சரியாச் செய்தோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"உனக்குத் தெரியாதே பிள்ளே. தெரியாமச் செய்தது..."

"தெரியாமத்தான் டீச்சரம்மா. ஆனா அவ்வோ கேட்டாவளே."

கிணற்றுக்குள் வாளி எங்கோ சுவரில் இடித்தது. தாசம்மாள் வாழ்நாள் முழுவதும் சொல்லிப் பழகிய வார்த்தைகள் எல்லாம் அவள் வாயில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைக்கூட அவளால் வெளியே விட முடியவில்லை.

மங்கலம் குரலைத் தாழ்த்தினாள். "இதை அத்தைகிட்டச் சொல்லிராதேங்க."

"சொன்னா அவங்க உன்னைப் பழையபடி..."

"சாவி அத்தைக்க மடியிலேல்லா இருந்தது," என்றாள் மங்கலம்.

அப்போது பின்வாசல் கதவு திறந்தது. சிவகாமியம்மாள் படியில் நின்றாள். திவசம் கழிந்த இந்த நாட்களில் அவள் வற்றிப்போயிருந்தாள். கழுத்து எலும்பு வெளியே தெரிந்தது. விரட்டப் போகிறாள் என்று தாசம்மாள் குடையை எடுத்தாள். ஆனால் அவள் இறங்கி வந்து, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"போகாதே, இரி. ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்." மருமகளைப் பார்க்காமல், தரையைப் பார்த்தே பேசினாள். "நீ ஆசுபத்திரிக்குப் போறவ. இங்கிலீசு டாக்டர்மாருகிட்டப் பேசுகவ. எனக்கு ஒறக்கமே இல்லை தாசம்மா. கண்ணை மூடினா அவன் கேக்கது காதிலே விழுகு. ஒரு காரியம் மட்டும் உள்ளபடி சொல்லு. அந்த ஒரு தம்ளர் தண்ணி குடியாம இருந்தா, எம் மகன் பிழைச்சிருப்பானா?"

தாசம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். அது கோபத்தின் கேள்வி அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், கிழவி மருமகளை இழுத்து அணைத்துக்கொள்வாள். அதற்காகவேதான் கேட்கிறாள். அணைத்துக்கொண்ட பிறகு, பின்னே எதனால் செத்தான் என்று கேட்பாள். அன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் கேட்பாள். இல்லை, யாரிடமும் கேட்காமல் தானே கண்டுபிடித்துவிடுவாள்.

உண்மையை மறைத்தால் அது அழுகும் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். வாயைத் திறந்தாள்.

"பிழைச்சிருப்பாவ அத்தை," என்றாள் மங்கலம்.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பாத்திரத்தின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா அப்பிடித்தான் சொன்னாளாம். இப்போதான் டீச்சரம்மா எங்கிட்டச் சொன்னா. ஒரு சொட்டுக்கூடப் படாம இருந்திருந்தா பிழைச்சிருப்பாவளாம். நீங்க பாத்ததுதான் பக்குவமாம்."

சிவகாமியம்மாள் தாசம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஆமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் தாசம்மாள் நின்றாள். நின்றதே பதிலாகிவிட்டது. கிழவியின் தோள்கள் மெல்லத் தாழ்ந்தன. வெகுநாள் இழுத்துப் பிடித்திருந்த எதையோ விட்டுவிட்டவளைப் போல மூச்சுவிட்டாள்.

"அப்பிடித்தான் நானும் நெனச்சேன்," என்றாள். "நான் பாத்தது பக்குவந்தான். பாவி மட்டை, நீ மட்டும் சும்மா இருந்திருந்தா." முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. கல்லில் உட்கார்ந்தபடியே மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மங்கலம் கிட்டே போகவில்லை. போவதற்கு இனி அவளுக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவகாமியம்மாள் எழுந்தாள். "திரவியம் சொன்னதுதான் சரி. கோட்டாத்துச் சந்தைக்குச் சரக்கு எடுக்கப் போற நம்ம கடை வண்டியிலே இவளை ஏத்தி விட்டிருவோம். பூதப்பாண்டியிலே அவ சித்தப்பன் என்னமும் செய்துக்கிடட்டும்." குரல் சாந்தமாக இருந்தது. "நீயும் இனி இங்க வராண்டாம் தாசம்மா. ஒம்மேலே எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லை."

அன்று மத்தியானம் சிவகாமியம்மாள் வெகுநாளைக்குப் பிறகு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்றும், சாப்பிட்ட இடத்திலேயே தூங்கிப்போனாள் என்றும் பின்னால் அடுத்த வீட்டுப் பெண்கள் சொன்னார்கள்.

கடை வண்டி புறப்படுகிற காலையில் தாசம்மாள் கரமனைப் பாலத்தின் ஓரத்தில் போய் நின்றாள். ஆற்றின்மேல் பனி கலையாமல் இருந்தது. படித்துறையில் குளிப்பவர்களின் பேச்சு, யாருமில்லாத இடத்திலிருந்து வருவதுபோல் மேலே வந்தது. மங்கலத்திடம் சொல்வதற்கு ஒன்றை இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். நீ மன்னிக்கப்பட்டாய் என்று சொல்லவேண்டும். யார் மன்னித்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தாள்.

வண்டி வந்தது. காலிச் சாக்குகளின்மேல், ஒரு தகரப்பெட்டியை அணைத்துக்கொண்டு மங்கலம் உட்கார்ந்திருந்தாள். வண்டிக்காரன் மாட்டை நிறுத்தவில்லை. தாசம்மாள் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாகப் போய், யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். மூச்சு வாங்கியதால் அது பாதி பாதியாகத்தான் வந்தது.

மங்கலம் கடைசிவரை கேட்டாள். நல்ல மனசுள்ள ஒருவர் சொல்வதை மறுக்காமல் கேட்டுக்கொள்வது போலத் தலையை அசைத்தாள்.

"சரி டீச்சரம்மா," என்றாள். "மாடு மிரளும். நீங்க ஓரமாப் போங்க."

தாசம்மாள் ஓரமாக நின்றாள். பாலத்தின் அந்தப் பக்கம் நேமத்துக்குப் போகும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. தேங்காய்த் தொண்டு ஏற்றியவை, வைக்கோல் ஏற்றியவை, வெறும் வண்டிகள். பனிக்குள் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. அவற்றில் எது அந்த வண்டி என்று சிறிது நேரத்துக்கெல்லாம் அவளால் சொல்ல முடியவில்லை.